மத்திய அரசு ஊழியர் விடுப்பில் போய்ப் படிக்கலாமா? கல்வி விடுப்பு, உதவித்தொகை, மூன்றாண்டுப் பத்திரம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மத்திய அரசின் சிவில் ஊழியர்களுக்கான 1972ஆம் ஆண்டு விடுப்பு விதிகளில் 50 முதல் 63 வரையிலான விதிகள் கல்வி விடுப்பைப் பற்றியவை. அலுவலகங்களில் 'ஸ்டடி லீவ்' என்று சொல்வது இதைத்தான். சம்பளத்தோடு படிக்கலாம் என்ற செய்தி எல்லோர் காதுக்கும் எட்டிவிடுகிறது. அந்தச் சம்பளத்தோடு வரும் நிபந்தனைகளைப் பலரும், திரும்பி வந்து மூன்றாண்டு வேலை செய்வேன், இல்லையேல் பணத்தைத் திருப்பிக் கட்டுவேன் என்ற பத்திரத்தில் கையெழுத்துப் போடும் அன்றுதான் முதன்முதலாகப் படிக்கிறார்கள். சிலர் ராஜினாமாக் கடிதம் கொடுத்த பிறகு படிக்கிறார்கள்.

இந்த விதிகள் யாருக்குப் பொருந்தும்?

வருமான வரி, சுங்கம், அஞ்சல், மத்திய பொதுப்பணி, கணக்குத் தணிக்கை போன்ற துறைகளின் சிவில் ஊழியர்களுக்கு. ரயில்வே ஊழியர்களுக்கு ரயில்வேயின் தனி விதித்தொகுப்பு இருக்கிறது. ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ்., வனப்பணி அதிகாரிகளுக்கு 1960ஆம் ஆண்டின் அகில இந்தியப் பணிகள் கல்வி விடுப்பு ஒழுங்குமுறைகள் இருக்கின்றன. தமிழக அரசு ஊழியர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் மாநில அரசின் விதிகளும் அரசாணைகளும்தான். ஆகவே பக்கத்து அலுவலக நண்பருக்குக் கிடைத்தது உங்களுக்கும் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். முதலில் உங்கள் பணி எந்த விதித்தொகுப்பின் கீழ் வருகிறது என்று நிர்வாகப் பிரிவில் கேட்டுக்கொள்ளுங்கள்.

துறையே பயிற்சிக்கு அனுப்புவதும் கல்வி விடுப்பும் ஒன்றா?

இல்லை. துறை தேர்ந்தெடுத்து அனுப்பும் பயிற்சிக் காலம் பொதுவாகப் பணிக்காலமாகவே கருதப்படும். அதற்கான செலவும் பத்திரமும் அந்தப் பயிற்சித் திட்டத்தின் ஆணைப்படி அமையும். கல்வி விடுப்பு என்பது நீங்கள் கேட்டு, அரசு விரும்பினால் கொடுப்பது. விடுப்பை உரிமையாகக் கோர முடியாது என்று விதி 7 சொல்வது இதற்கும் பொருந்தும். தகுதி எல்லாம் இருந்தும், ஆள் பற்றாக்குறை என்று சொல்லி மறுக்கலாம்.

அடிப்படைத் தகுதிகள் என்ன?

தகுதிகாண் பருவத்தைத் திருப்திகரமாக முடித்திருக்க வேண்டும். அந்தப் பருவத்தையும் சேர்த்து ஐந்து ஆண்டுகளுக்குக் குறையாத தொடர்ச்சியான முறையான பணி வேண்டும். 1.7.2020 அன்று சேர்ந்தவருக்கு 30.6.2025 அன்று ஐந்து ஆண்டு நிறைகிறது. அதற்கு முன் தொடங்கும் படிப்புக்கு இந்த விடுப்பு கிடைக்காது.

மறுமுனையில் ஓய்வு வயது. விடுப்பு முடிந்து திரும்பும் நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் ஓய்வுபெற இருப்பவருக்கு இது இல்லை. ஓய்வு வயது 60 என்றால், 57 நிறைவதற்குள் திரும்பிவிட வேண்டும். இரண்டு ஆண்டுப் படிப்புக்கு 55 வயதுக்குள் கிளம்பியாக வேண்டும். அந்த மூன்றாண்டும் பத்திரத்தில் வரும் மூன்றாண்டும் ஒன்றுதான். படித்தவரிடமிருந்து அரசு அவ்வளவு காலமாவது வேலை வாங்க வேண்டும் என்பதே கணக்கு.

எந்தப் படிப்புக்குக் கிடைக்கும்? எம்.ஏ. வரலாறு படிக்கலாமா?

உங்கள் வேலையோடு நேரடியான, நெருங்கிய தொடர்புள்ள தொழில்சார் அல்லது தொழில்நுட்ப உயர்கல்விக்கும் சிறப்புப் பயிற்சிக்கும் கிடைக்கும். பொது நிர்வாகத்தின் பின்னணி சார்ந்த படிப்புகளும் உண்டு. அதற்கு முன் ஒப்புதல் வேண்டும், திரும்பியதும் முழு அறிக்கை கொடுக்க வேண்டும். வேலையோடு நேரடித் தொடர்பில்லாவிட்டாலும் ஊழியரின் மனத்தை விரிவாக்கி நல்ல நிர்வாகியாக்கும் படிப்புக்கும் விதியில் இடம் வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்தக் கோப்பு நிதி அமைச்சகத்தின் செலவினத் துறையைக் கலந்துதான் முடிவாகும், மாதங்கள் ஓடும்.

வெறும் கல்வி அல்லது இலக்கியப் பாடங்களுக்கு இல்லை என்று விதி வெளிப்படையாகவே சொல்கிறது. தணிக்கை அலுவலகத்தில் இருப்பவர் வரலாற்றில் எம்.ஏ. படிக்க இந்த விடுப்பை எதிர்பார்க்க வேண்டாம். தொல்லியல் துறையில் இருப்பவர் தொல்லியல் சார்ந்த படிப்பைக் கேட்டால் வாதாட இடமிருக்கிறது.

எதுவானாலும், இந்தப் படிப்பால் பொதுநலன் நோக்கில் திட்டவட்டமான பயன் உண்டு என்று விடுப்பு வழங்கும் அதிகாரி சான்றளிக்க வேண்டும். விண்ணப்பங்கள் விழுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். 'என் அறிவு வளரும்' என்று எழுதினால் அதிகாரியால் சான்று எழுத முடியாது. பாடத்திட்டத்தை எடுத்து, எந்தப் பாடம் உங்கள் இருக்கையின் எந்த வேலைக்கு உதவும் என்று ஒரு பக்கத்தில் எழுதி இணையுங்கள். அதிகாரி அந்த வரிகளையே குறிப்பில் எடுத்தாள முடிய வேண்டும்.

வெளிநாட்டில் படிக்கலாமா?

படிக்கலாம். ஆனால் அதே பாடத்துக்கு இந்தியாவிலேயே போதுமான வசதி இருந்தால் வெளிநாட்டுக் கல்வி விடுப்பு கிடையாது. எம்.பி.ஏ. போன்ற படிப்புகளுக்கு இந்தக் கேள்விதான் முட்டுக்கட்டை. இங்கே இல்லாதது அங்கே என்ன இருக்கிறது என்பதைப் பாடத்தின் பெயரை வைத்து அல்ல, உள்ளடக்கத்தை வைத்துக் காட்ட வேண்டும்.

எத்தனை மாதம் கிடைக்கும்?

சாதாரணமாக ஒரு தடவைக்கு 12 மாதம். பணிக்காலம் முழுவதற்கும் சேர்த்து 24 மாதம். வேறு விதிகளின் கீழ் படிப்புக்கோ பயிற்சிக்கோ எடுத்த இதே போன்ற விடுப்பும் இந்த 24இல் அடக்கம். மத்திய சுகாதாரப் பணி மருத்துவர்கள் முதுநிலைப் பட்டத்துக்கு 36 மாதம் வரை பெறலாம். அவர்களுக்குப் பத்திரக் காலம் ஐந்து ஆண்டு.

கல்வி விடுப்பு உங்கள் விடுப்புக் கணக்கில் கழிக்கப்படாது. சேர்த்து வைத்த ஈட்டிய விடுப்பு அப்படியே இருக்கும். பத்திரத்தை மீறினால் மட்டும் கதை மாறும். அது கீழே வருகிறது.

பிஎச்.டி. 24 மாதத்தில் முடியாதே?

முடியாது. அதற்காகத்தான் மற்ற விடுப்புகளோடு சேர்க்க அனுமதி. கல்வி விடுப்பையும் ஈட்டிய விடுப்பு போன்றவற்றையும் சேர்த்து வேலைக்கு வராத மொத்தக் காலம் பொதுவாக 28 மாதத்தையும், பிஎச்.டி. படிப்பானால் 36 மாதத்தையும் தாண்டக்கூடாது. சம்பளமில்லா விடுப்பு இந்த வரம்பில் சேராது. அலுவலக வழக்கில் இ.ஓ.எல். எனப்படும் அந்த விடுப்பை மேலும் கேட்கலாம். கொடுப்பது அதிகாரியின் விருப்பம்.

உயர் அறிவியல், தொழில்நுட்பப் படிப்புக்காக எடுக்கும் சம்பளமில்லா விடுப்பை ஊதிய உயர்வுக்கும் ஓய்வூதியத்துக்கும் கணக்கில் கொள்ள வழியுண்டு. ஆணையிலேயே எந்தக் காரணத்துக்கான விடுப்பு என்று எழுதியிருக்க வேண்டும். 'சொந்தக் காரணம்' என்று எழுதிவிட்டால், பத்து ஆண்டு கழித்து ஓய்வூதியக் கோப்பில் அதைத் திருத்த நாய்படாத பாடு படவேண்டும்.

எங்கள் யோசனை: பிஎச்.டி.யில் வகுப்பும் களப்பணியும் ஆய்வுக்கூட வேலையும் உள்ள காலத்துக்கு முழுநேர விடுப்பைச் செலவழியுங்கள். ஆய்வேட்டை எழுதும் காலத்தைப் பகுதிநேரமாக மாற்றிக்கொள்ளப் பல்கலைக்கழகம் அனுமதிக்குமா என்று சேரும்போதே கேளுங்கள். அனுமதித்தால், வேலைக்குத் திரும்பும் முன் அந்த மாற்றத்தை அலுவலகத்துக்கு எழுதி ஒப்புதல் வாங்குங்கள். வாங்காமல் விட்டால், 'படிப்பை முடிக்கவில்லை' என்ற வரிக்குள் நீங்கள் விழ இடமிருக்கிறது.

விடுப்பில் என்ன சம்பளம் வரும்?

கிளம்பும் முன் கடைசியாக வாங்கிய ஊதியத்துக்குச் சமமான விடுப்புச் சம்பளம், அதோடு அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி. போக்குவரத்துப்படி கிடையாது. வீட்டு வாடகைப்படி முதல் 180 நாளுக்கு, நீங்கள் விடுப்பில் கிளம்பிய ஊரின் விகிதத்தில் வரும். அதற்குப் பின் தொடர உரிய சான்று கொடுக்க வேண்டும். 181ஆம் நாள் தானாக நின்றுபோய், மூன்று மாதம் கழித்து வங்கிக் கணக்கைப் பார்த்துத் திடுக்கிடுவது வழக்கமாக நடக்கிறது. ஐந்தாம் மாதமே சான்றை அனுப்பிவிடுங்கள்.

விடுப்புக் காலம் ஊதிய உயர்வுக்கும் பணி மூப்புக்கும் ஓய்வூதியத்துக்கும் கணக்கில் வரும். ஆனால் நடுவில் வரும் ஊதிய உயர்வு கையில் கிடைப்பது திரும்பிச் சேர்ந்த நாளிலிருந்துதான். விடுப்புச் சம்பளம் கிளம்பிய நாளின் ஊதியத்திலேயே நிற்கும்.

வெளிநாட்டில் படித்தால் 'படிப்புப்படி' என்று ஒன்று விதியில் இருக்கிறது. நாளொன்றுக்கு ஓரிரு பவுண்டு என்ற காலத்தில் எழுதிய விகிதம் அது. வரவுசெலவுத் திட்டம் போடும்போது அதை மறந்துவிடுவது நல்லது. இந்தியாவில் படித்தால் அதுவும் இல்லை.

உதவித்தொகை கிடைத்தால் சம்பளம் குறையுமா?

இந்தியாவில் படித்தால் குறையும். முழு விடுப்புச் சம்பளம் வேண்டுமானால், உதவித்தொகையோ பகுதிநேர வேலையின் ஊதியமோ எதுவும் பெறவில்லை என்று சான்று கொடுக்க வேண்டும். பெற்றால் அந்தத் தொகை விடுப்புச் சம்பளத்தில் கழிக்கப்படும். ஆனால் அரைச் சம்பள விடுப்பில் கிடைக்கக்கூடிய தொகைக்குக் கீழே சம்பளம் இறங்காது.

அடிப்படை ஊதியம் மாதம் 65,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். எம்.டெக். சேர்ந்து மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை வாங்கினால், 65,000இல் அது கழிந்து 52,600 வரும். உதவித்தொகை 37,000 ரூபாயாக இருந்தால் மிச்சம் 28,000தான். ஆனால் அரைச் சம்பளம் 32,500 என்பதால் அதற்குக் கீழே போகாது, 32,500 கிடைக்கும். படிகளின் கணக்கு தனி.

இதில் இரண்டு பொறிகள் உண்டு. முதலாவது, உதவித்தொகை கொடுக்கும் அமைப்பின் விதி. வேறெங்கும் சம்பளம் வாங்கக்கூடாது என்று பல ஆய்வு உதவித்தொகைகள் நிபந்தனை போடுகின்றன. அரசு கழித்துக்கொண்டு கொடுக்கத் தயாராக இருந்தாலும் அவர்கள் ஒப்பமாட்டார்கள். இரண்டாவது, தாமதம். உதவித்தொகை ஆறு மாதம் கழித்து மொத்தமாக வரும். அதற்குள் 'எதுவும் பெறவில்லை' என்று ஆறு சான்று கொடுத்திருப்பீர்கள். பணம் வந்த மாதமே எழுத்தில் தெரிவித்துப் பிடித்தம் செய்யச் சொல்லுங்கள். தணிக்கையில் கண்டுபிடித்தால் அது வெறும் அதிகப்படிப் பட்டுவாடாவாக நிற்காது. பொய்ச் சான்று என்ற கேள்வியாகும்.

கல்லூரிக் கட்டணத்தை அரசு தருமா?

பொதுவாக இல்லை. கட்டணம் ஊழியருடையது. மிகவும் விதிவிலக்கான நேர்வுகளில் குடியரசுத் தலைவர் பெயரில் அனுமதி கிடைக்கலாம். ஆனால் எந்த இடத்திலிருந்தாவது உதவித்தொகை பெறுபவருக்கும், பகுதிநேர வேலை ஊதியம் பெற அனுமதிக்கப்பட்டவருக்கும் எந்த நிலையிலும் கட்டணம் தரப்படாது. பயணப்படியும் இப்படியே: சாதாரணமாகக் கிடையாது, விதிவிலக்காக மட்டும்.

பிரிட்டனின் செவனிங், அமெரிக்காவின் ஃபுல்பிரைட் போன்ற வெளிநாட்டு உதவித்தொகை கிடைத்திருக்கிறது. என்ன கவனிக்க வேண்டும்?

விண்ணப்பிக்கும்போதே அலுவலகம் வழியாகப் போயிருக்க வேண்டும். தேர்வான பின் ஆட்சேபமில்லாச் சான்று கேட்டால், 'யாரைக் கேட்டு விண்ணப்பித்தீர்கள்?' என்றுதான் கோப்பு தொடங்கும்.

வெளிநாட்டு நிதியை அரசு ஊழியர் வாங்கக்கூடாது என்று 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் தடுக்கிறது. ஆனால் உதவித்தொகைக்கு அதே சட்டத்தின் 4ஆம் பிரிவில் விலக்கு உண்டு. வெளிநாட்டில் இருக்கும்போது பிறர் செலவில் தங்குவதும் பயணிப்பதும் வேறு விஷயம். 6ஆம் பிரிவின்படி அதற்கு உள்துறை அமைச்சகத்தின் முன் அனுமதி வேண்டும். எஃப்.சி.-2 படிவத்தில், பயணத்துக்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பே இணையவழியில் கேட்க வேண்டும். உங்கள் உதவித்தொகையில் விருந்தோம்பலும் கலந்திருக்கிறதா என்று சந்தேகமிருந்தால், அழைப்புக் கடிதத்தை இணைத்து நிர்வாகப் பிரிவிடம் எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

இரண்டு நிபந்தனைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறுவதையும் பாருங்கள். செவனிங் பெற்றவர் படிப்பு முடிந்ததும் குறைந்தது இரண்டு ஆண்டு தாய்நாட்டில் இருக்க வேண்டும். ஃபுல்பிரைட் விசாவில் அமெரிக்கா போனவருக்கும் இரண்டாண்டுத் தாய்நாட்டு வாச நிபந்தனை உண்டு. இவை அரசின் மூன்றாண்டோடு ஒரே நேரத்தில் ஓடும், கூட்டி ஐந்தாகாது. ஆனால் ஒன்றை முடித்தது மற்றதை முடித்ததாகாது. இரண்டாண்டு முடிந்து விசாச் சிக்கல் தீர்ந்தது என்று வேலையை விட்டால், அரசுப் பத்திரத்தில் ஓராண்டு பாக்கி நிற்கும்.

விண்ணப்பத்தில் தொடங்கி விடுவிப்பு வரை என்ன வரிசை?

விண்ணப்பத்தில் படிப்பின் பெயர், நிறுவனம், தொடங்கும் நாள், முடியும் நாள், எழுதப்போகும் தேர்வு எல்லாம் வேண்டும். அதோடு சேர்க்கைக் கடிதம், பாடத்திட்டம், உதவித்தொகை ஆணை, முன்பு எடுத்த கல்வி விடுப்பின் விவரம். நிர்வாகப் பிரிவு விடுப்புக் கணக்கைச் சரிபார்க்கும். கண்காணிப்புப் பிரிவு, ஒழுங்கு நடவடிக்கை எதுவும் நிலுவையில் இல்லை என்று சொல்லும். பிறகு பொதுநலச் சான்று, அனுமதி, பத்திரம், விடுவிப்பு ஆணை.

சேர்க்கைக் கடிதம் வந்த பிறகு ஆரம்பித்தால் பெரும்பாலும் காலம் போதாது. வகுப்பு ஆகஸ்டில் தொடங்குகிறது, ஆணை செப்டம்பரில் வருகிறது என்றால் இடைப்பட்ட நாட்களுக்கு ஈட்டிய விடுப்பு கேட்டுப் போகலாம். வேறு விடுப்பின் போது படிப்பைத் தொடங்க விதி அனுமதிக்கிறது, அந்த நாட்கள் கல்வி விடுப்பில் சேராது. ஆணை வரும் என்ற நம்பிக்கையில் எந்த விடுப்பும் இல்லாமல் போவது மட்டும் கூடாது.

போன பிறகு படிப்பையோ நிறுவனத்தையோ மாற்ற நேர்ந்தால், ஒப்புதல் வரும் முன் தொடங்குவது உங்கள் சொந்தப் பொறுப்பில்தான். மாற்றத்துக்குக் காரணத்தை விளக்கி எழுதுங்கள். வெளிநாடானால் இந்தியத் தூதரகம் வழியாக.

பிணைப்பத்திரத்தில் என்ன இருக்கிறது? ஜாமீன்தாரர் வேண்டுமா?

நிரந்தர ஊழியருக்குப் படிவம் 7, விடுப்பு நீட்டிப்புக்குப் படிவம் 8. நிரந்தரமாகாதவருக்குப் படிவம் 9, நீட்டிப்புக்குப் படிவம் 10. நிரந்தர ஊழியர் தனியாகக் கையெழுத்திட்டால் போதும். நிரந்தரமாகாதவருக்கு ஜாமீன்தாரர் இருவர் வேண்டும். நீங்கள் விட்டுவிட்டுப் போனால் அவர்கள் மாட்டிக்கொள்வார்கள். நண்பரிடம் 'சும்மா ஒரு கையெழுத்து' என்று கேட்காமல், தொகையைக் காட்டிக் கேளுங்கள். முத்திரைத்தாள் கட்டணம் அரசினுடையது என்று படிவத்திலேயே எழுதியிருக்கிறது. இருந்தும் ஊழியர் கையிலிருந்து செலவழிப்பதைப் பார்க்கிறோம்.

பத்திரத்தின் சாரம் இது: வேலைக்குத் திரும்பாவிட்டாலோ, திரும்பி மூன்று ஆண்டுக்குள் ராஜினாமா செய்தாலோ ஓய்வுபெற்றாலோ வேறு வகையில் பணியை விட்டாலோ, படிப்பை முடிக்காவிட்டாலோ, கேட்டவுடன் தொகையைக் கட்டுவேன். அது உங்களை மட்டுமல்ல, வாரிசுகளையும் கட்டுப்படுத்தும் வாசகத்தில் இருக்கிறது.

விடுப்பு நீட்டிக்கப்பட்டால் புதிய பத்திரம் எழுத வேண்டும். முதல் பத்திரமே போதும் என்று அலுவலகமும் மறந்துவிடும், நீங்களும் மறந்துவிடுவீர்கள். பிறகு நீட்டித்த காலத்தின் சம்பளப் பட்டியல் கணக்கு அலுவலகத்தில் நிற்கும்.

மூன்று ஆண்டு எந்த நாளிலிருந்து?

வேலையில் மறுபடி சேர்ந்த நாளிலிருந்து. பட்டம் வாங்கிய நாளோ விடுப்பு ஆணையின் நாளோ அல்ல. கல்வி விடுப்பை ஒட்டி ஈட்டிய விடுப்பும் எடுத்தால் அந்தக் காலம் மூன்றாண்டில் வராது. மறுசேர்க்கை அறிக்கையைப் பணிப்பதிவேட்டில் பதியச் சொல்லி ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு ஆண்டு பத்து மாதம் வேலை செய்துவிட்டேன். மீதி இரண்டு மாதத்துக்கு மட்டும் கட்டினால் போதாதா?

போதாது. கேட்பவர்களுக்கு அதிர்ச்சி தரும் பதில் இதுதான். திருப்பிக் கட்டுவதைப் பற்றிய விதி 63இல் விகிதாசாரம் என்ற பேச்சே இல்லை. மூன்றாண்டு நிறைவதற்கு ஒரு நாள் முன்பு விட்டாலும் முழுத் தொகையும் கேட்கலாம். தனியார் நிறுவனம் 'உடனே வாருங்கள்' என்று அவசரப்படுத்தினால், இரண்டு மாதம் தள்ளிப்போட முடியுமா என்று பேசிப்பாருங்கள்; பல லட்சம் மிச்சமாகும்.

பொதுநலன் கருதியோ விசேஷச் சூழ்நிலை கருதியோ தொகையைக் குறைக்கவும் தள்ளுபடி செய்யவும் குடியரசுத் தலைவருக்கு அதிகாரம் உண்டு. நடைமுறையில் அது அமைச்சகம் வரை போகும் கோப்பு. முக்கால் பங்கு காலம் வேலை செய்ததை அதில் காரணமாகக் காட்டலாம். ஆனால் அது வேண்டுகோள்; உரிமை அல்ல.

எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும்?

விடுப்புச் சம்பளம், படிப்புப்படி, கட்டணம், பயணம் என்று அரசு செலவழித்த உண்மையான தொகை. கையில் வந்த நிகரத் தொகை அல்ல. வரிப் பிடித்தத்துக்கு முந்தைய மொத்தம். மேலே சொன்ன 65,000 ரூபாய் ஊழியர் 24 மாதம் போயிருந்தால் அடிப்படை ஊதியம் மட்டும் 15,60,000 ரூபாய்.

அதற்கு மேல் ஒரு பகுதியைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. வெளிநாட்டு அரசு, அறக்கட்டளை, டிரஸ்ட் போன்றவை உங்கள் படிப்புக்குச் செலவழித்த தொகையையும் அரசு கேட்கலாம். 'அது அவர்கள் பணம், அரசுக்கு என்ன?' என்று வாதாடுபவர்கள் உண்டு; விதியில் அது தெளிவாகவே எழுதப்பட்டிருக்கிறது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகக் கட்டணம் முழுவதும் உதவித்தொகையில் கழிந்திருந்தால் இந்தப் பகுதிதான் பெரிய தொகையாக இருக்கும்.

வட்டி, அரசுக் கடன்களுக்கு நடைமுறையில் உள்ள விகிதத்தில், கேட்பு வந்த நாளிலிருந்து. விடுப்பு எடுத்த நாளிலிருந்து அல்ல. ஆகவே தொகையில் தகராறு இருந்தாலும் ஒப்புக்கொள்ளும் பகுதியைச் சீக்கிரம் கட்டிவிடுவது லாபம். கட்டி முடிக்கும் வரை ராஜினாமா ஏற்கப்படாது. விருப்ப ஓய்வுக்கும் அனுமதி வராது.

கல்வி விடுப்பும் பின்னோக்கி மாற்றப்படும். விடுப்பு தொடங்கிய நாளில் கணக்கில் இருந்த ஈட்டிய விடுப்பும் அரைச் சம்பள விடுப்பும் முதலில் கழியும். எஞ்சியது சம்பளமில்லா விடுப்பாகும். 730 நாள் கல்வி விடுப்பு எடுத்தவரின் கணக்கில் 200 நாள் ஈட்டிய விடுப்பும் 100 நாள் அரைச் சம்பள விடுப்பும் இருந்தால், 430 நாள் சம்பளமில்லா விடுப்பாக நிற்கும். இப்படி மாற்றியபின் கிடைக்கக்கூடிய சம்பளத்துக்கு மேல் வாங்கியதையும் திருப்ப வேண்டும் என்று தனி உட்பிரிவு சொல்கிறது. செலவழித்த தொகையைத் திருப்பும் உட்பிரிவும் இதுவும் சேரும் இடத்தில்தான் கணக்குச் சண்டை வருகிறது. ஒரே தொகையை இரண்டு தலைப்பிலும் கேட்டிருக்கிறார்களா என்று பாருங்கள்; கணக்குத் தாளை எழுத்தில் வாங்காமல் ஒரு ரூபாயும் கட்டாதீர்கள்.

வேறு அரசுத் துறையில் வேலை கிடைத்துப் போனாலும் கட்ட வேண்டுமா?

அலுவலகம் வழியாக விண்ணப்பித்து, 'தொழில்நுட்ப ராஜினாமா' என்ற வகையில் வேறு மத்திய அரசு அலுவலகம், மாநில அரசு, பொதுத்துறை நிறுவனம், தன்னாட்சி அமைப்பு போன்றவற்றுக்குப் போனால், பொதுவாகப் பத்திரத்தைப் பிரயோகிப்பதில்லை. எஞ்சிய காலத்தைப் புதிய இடத்தில் பணியாற்றுவதாக அங்கே புதுப் பத்திரம் எழுதித்தர வேண்டும். விடுவிப்பு ஆணையில் 'பத்திரக் கடப்பாடு இத்தனை மாதம் எஞ்சியுள்ளது, புதிய அலுவலகத்துக்கு மாற்றப்படுகிறது' என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். தேர்வு எழுதியதே அலுவலகத்துக்குத் தெரியாது என்றால் இந்தச் சலுகை கிடைக்காது.

திரும்பி வந்தபின் அரசின் கட்டுப்பாட்டில் உள்ள அமைப்புக்கு அயற்பணியில் (டெபுடேஷன்) அனுப்பப்பட்டு, பொதுநலன் கருதி அங்கேயே நிரந்தரமாகச் சேர்ந்தால் விதியே விலக்களிக்கிறது. மருத்துவக் காரணத்தால் ஓய்வு அனுமதிக்கப்பட்டவருக்கும் அப்படியே. ஆனால் படிப்பை முடிக்காதவருக்கு இந்த விலக்குகள் பொருந்தாது.

ஒரு பாடத்தில் அரியர் விழுந்துவிட்டது. பணம் கட்ட வேண்டுமா?

உடனே கட்டச் சொல்லமாட்டார்கள், ஆபத்து இருக்கிறது. படிப்பு முடிந்ததும் தேர்ச்சிச் சான்றையோ, படிப்பு தொடங்கிய, முடிந்த நாட்கள் குறித்த நிறுவனச் சான்றையோ கொடுக்க வேண்டும். கொடுக்க முடியாமல் போவதே 'முடிக்கவில்லை' என்பதன் அடையாளம். அரியர் இருந்தால் வேலையில் உரிய நாளில் சேர்ந்துவிட்டு, அடுத்த தேர்வு எப்போது, சான்று எப்போது வரும் என்று எழுதிக்கொடுத்து அவகாசம் கேளுங்கள். சும்மா இருந்தால் தணிக்கைக் குறிப்பு வந்துதான் பேச்சு தொடங்கும்.

படிப்பு எதிர்பார்த்ததைவிட முன்பே முடிந்தால் முன்பே சேர வேண்டும். மீதி நாட்களை வீட்டில் கழிக்க வேண்டுமானால் முன்கூட்டியே அனுமதி பெற்றுச் சாதாரண விடுப்பு வகையாக மாற்றிக்கொள்ளுங்கள்.

விடுப்பு முடிந்தும் திரும்பாமல் இருந்தால்?

அந்த நாட்களுக்கு விடுப்புச் சம்பளம் கிடையாது. விதி 25இன்படி இருக்கும் அரைச் சம்பள விடுப்பில் கழித்து, மீதி சம்பளமில்லா விடுப்பாகும். ஒழுங்கு நடவடிக்கையும் வரும். கல்வி விடுப்புக்கான திருப்பிச் செலுத்தல் அதற்கு மேல்.

படிக்கும்போது பல்கலைக்கழகத்தில் பகுதிநேர வேலை பார்க்கலாமா?

முன் அனுமதி இல்லாமல் கூடாது. விடுப்பில் இருந்தாலும் நடத்தை விதிகள் உங்களைப் பிடித்துக்கொண்டேதான் இருக்கும். அனுமதி கிடைத்தாலும் அந்த ஊதியம் விடுப்புச் சம்பளத்தில் கழியும்.

இந்தப் பத்திரங்கள் நீதிமன்றத்தில் நிற்குமா?

நிற்காது என்று நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். முதுநிலை மருத்துவ மாணவர்களிடம் தமிழகம் உள்ளிட்ட மாநிலங்கள் வாங்கிய கட்டாயப் பணிப் பத்திரங்கள் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2019 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. விஜயா வங்கி வழக்கில் 2025 மே மாதம், குறைந்தபட்சப் பணிக்காலமும் முன்பே விட்டால் இரண்டு லட்சம் ரூபாயும் என்ற ஒப்பந்தம் தொழில் செய்யும் உரிமையைத் தடுப்பதாகாது என்று சொன்னது. அவை வேறு வகைப் பத்திரங்கள். ஆனாலும் நீதிமன்றத்தின் போக்கு தெரிகிறது. நீங்கள் வெல்ல வாய்ப்புள்ள இடம் பத்திரமே செல்லாது என்பதில் அல்ல. கணக்குப் பிழை, இரட்டைக் கேட்பு, வட்டி தொடங்கும் நாள், விலக்கு பொருந்தும் நேர்வு ஆகியவற்றில்தான்.